இரண்டு விநாடிச் சதுரம்

வீடியோ கேம் போட்டியில் கலந்துகொண்டேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் நினைப்பது விரல் வேகத்தைத்தான். யார் அதிகம் சுட்டது, யார் முதலில் முடித்தது, பரிசு எவ்வளவு என்பார்கள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இது வேறு மாதிரிப் போட்டி, நிதானமாகத்தான் சொல்ல முடியும். இதில் யாரும் யாரோடும் மோதுவதில்லை. விளையாட்டு நடக்கிற இடத்தைக் கட்டித் தர வேண்டும். அறை, நடைவழி, கதவு, படிக்கட்டு, வெளிச்சம், எதிரி ஒளிந்திருக்கும் மூலை, சாவி வைத்திருக்கும் மேடை, எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு லெவல். அந்த லெவலை வடிவமைத்து அனுப்புவதுதான் போட்டி. நடுவர்கள் ஒவ்வொன்றையும் விளையாடிப் பார்த்துக் குறை நிறை எழுதுவார்கள். அனுப்பியவர்களும் மற்றவர்கள் செய்ததை எடுத்து விளையாடுவார்கள். எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

நான் கலந்துகொண்டது டூம் என்ற பழைய விளையாட்டுக்கான போட்டி. ஐடி சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் 1993 டிசம்பர் 10ஆம் தேதி அதை வெளியிட்டது. செவ்வாய்க் கிரகத்தின் துணைக்கோளில் ஒரு தளம், அதற்குள் நரகத்திலிருந்து வந்த பிசாசுகள், தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சிப்பாய். கதை அவ்வளவுதான். முப்பது வருஷம் தாண்டியும் இதற்குப் புதுப்புது லெவல்கள் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் கதை இல்லை. விளையாட்டின் நிரலை எழுதிய ஜான் கார்மாக் எடுத்த ஒரு முடிவு. விளையாட்டை ஓட்டும் நிரலைத் தனியாகவும், லெவல், படம், ஒலி எல்லாவற்றையும் ‘வாட்’ என்ற கோப்பில் தனியாகவும் அவர் பிரித்து வைத்தார். கோப்பை மாற்றினால் உள்ளே இருக்கிற உலகமே மாறிவிடும். அடுத்த சில மாதங்களுக்குள் ரசிகர்கள் டிஇயூ என்ற எடிட்டரை எழுதிவிட்டார்கள். 1997 டிசம்பரில் மூல நிரலும் வெளியானது. அன்றிலிருந்து எந்தப் புதுக் கணினி வந்தாலும் யாராவது ஒருவர் டூமை அதில் ஓட வைத்துவிடுகிறார்.

விளையாடுகிறவர்களே லெவல் வரைவது டூமில் ஆரம்பித்த வழக்கம் இல்லை. 1983இல் டக் ஸ்மித் செய்த லோட் ரன்னரில் 150 லெவல்களோடு ஒரு எடிட்டரும் சேர்ந்தே வந்தது. அதற்குப் பின்னால் வந்த சாம்பியன்ஷிப் லோட் ரன்னரில் ரசிகர்கள் வரைந்த லெவல்கள் இடம்பெற்றன. டூம் விஷயத்திலும் அப்படித்தான். 1996இல் வந்த ஃபைனல் டூமின் ஒரு பாதியை டேரியோ கசாலி, மைலோ கசாலி என்ற சகோதரர்கள் செய்தார்கள். இருவரும் ரசிகர்களாக இருந்து வந்தவர்கள். டேரியோ பிறகு வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து ஹாஃப் லைஃபில் வேலை பார்த்தார். ஆக, பொழுதுபோக்குக்கு வரைந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதுமே ஒரு வாசல் இருந்திருக்கிறது.

இப்போது போட்டிக்கு வருவோம். விதி ஒன்றே ஒன்றுதான்: லெவல் முழுவதும் 1024க்கு 1024 அலகு சதுரத்துக்குள் அடங்க வேண்டும். டூம் லெவல் செய்கிறவர்களிடம் ரொம்ப நாளாகப் புழங்கும் கட்டுப்பாடு இது. ‘அலகு’ என்றால் எவ்வளவு என்று தெரிய, விளையாடும் ஆளை வைத்துப் பார்க்கலாம். அந்தச் சிப்பாயின் அகலம் 32 அலகு, உயரம் 56. தரையில் பதிக்கும் ஓடு 64க்கு 64. அந்தக் கணக்கில் நம் சதுரத்தில் ஒரு பக்கத்துக்கு 16 ஓடுதான். டூமில் ஆள் அசுர வேகத்தில் ஓடுவான், விநாடிக்கு 580 அலகுக்கு மேல். நடுவில் சுவரே இல்லையென்றால் இந்தச் சதுரத்தை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது.

இரண்டு விநாடி இடத்தில் ஒருவரைப் பத்து நிமிஷம் எப்படி நிறுத்தி வைப்பது? போட்டி கேட்ட கேள்வி இதுதான்.

மாடி மேல் மாடி கட்டிவிடலாமே என்று தோன்றும். பழைய டூமில் அது முடியாது. வரைபடத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அங்கே ஒரு தரை, ஒரு கூரை, அவ்வளவுதான். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க வழியே இல்லை. வழியை வளைத்து வளைத்துப் புதிராக்கலாம். ஆனால் அது சலிப்பு. மிஞ்சுவது ஒன்றுதான்: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் அது வேறு இடமாகத் தெரிய வேண்டும். இதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பிடிபட்டது ஒரு ஜன்னல்.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டூமில் ஆளால் குதிக்க முடியாது. 24 அலகு வரை உயரமுள்ள படியில் தானாக ஏறிவிடுவான். 25 ஆனால் அது அவனுக்குச் சுவர். அவன் கண் இருப்பது தரையிலிருந்து 41 அலகு உயரத்தில். துப்பாக்கிக் குண்டு புறப்படுவது 36இல். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: 24, 36, 41. இப்போது ஜன்னலின் அடித்திண்டை 32 அலகு உயரத்தில் கட்டினால் என்ன ஆகும்? கண் அதைத் தாண்டிப் பார்க்கும். குண்டு தாண்டிப் போகும். கால் மட்டும் போகாது. அந்தப் பக்கம் நீலச் சாவி மேடையில் மினுங்குகிறது, காவலுக்கு நிற்கும் பிசாசு தெரிகிறது, சுடலாம், ஆனால் போக முடியாது. ஒரு திண்டின் உயரத்தை வைத்தே ஆளிடம் ‘இங்கே நீ வருவாய், இப்போது இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

காட்டுவது வாக்குக் கொடுப்பது. லெவல் வடிவமைப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நாம் காட்டியதை எல்லாம் விளையாடுகிறவர் நம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறார்.

டூமின் முதல் லெவலே இதற்குச் சாட்சி. செய்தவர் ஜான் ரொமேரோ. ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜன்னல்; வெளியே திறந்த முற்றம்; அங்கே நீலக் கவசம். முதன்முதலாக விளையாடும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது படும். நேர்வழி கிடையாது. லெவலின் நடுவில் பச்சை விஷக் குட்டைக்கு மேல் வளைந்து வளைந்து போகும் பாலத்தைத் தாண்டி, ஒரு ரகசியக் கதவைக் கண்டுபிடித்தால்தான் அந்த முற்றத்தில் கால் வைக்க முடியும். ரொமேரோ தனக்கென்று சில விதிகள் வைத்திருந்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெளியே ஓர் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே போய்ச் சேர ஏதாவது ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆள் அதே இடங்களுக்குப் பல தடவை திரும்பி வரும்படி வழிகளை அமைக்க வேண்டும், அப்போதுதான் இடத்தின் அமைப்பு மனசில் பதியும் என்பது இன்னொன்று. தரையில் ஒட்டும் படத்தை, அதாவது டெக்ஸ்சரை, மாற்றும் இடத்தில் உயரத்தையும் மாற்ற வேண்டும், இருட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சமும் நெருக்கடிக்குப் பக்கத்தில் விசாலமும் வர வேண்டும், அடையாளம் காட்டும் இடங்கள் இருக்க வேண்டும் என்றும் வைத்திருந்தார்.

அடையாளம் காட்டும் இடம் என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. பெரிய கோயில் ஊருக்கு நடந்து போகும்போது வயல் வரப்பிலிருந்தே கோபுரம் தெரியும், தெருவுக்குள் நுழைந்ததும் மறையும், ஒரு திருப்பத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அது சொல்லிக்கொண்டே வரும். என் சதுரத்தின் நடுக்கூடத்தில் அந்த வேலையைச் சாவி மேடைக்குக் கொடுத்தேன். லெவலுக்குள் மிகப் பிரகாசமான வெளிச்சம் அந்த மேடைமேல்தான். எந்த நடைவழியில் போனாலும் ஏதாவது ஒரு ஜன்னல் வழியாக அது தெரியும்.

முதல் சுற்றில் ஆள் கூடத்துக்கு வெளியே, தாழ்வான நடைவழியில் போகிறான். உள்ளே இருப்பதைப் பார்க்க மட்டும் முடியும். இரண்டாவது சுற்றில் லிஃப்ட் ஏறிக் கூடத்துக்குள் வருகிறான். இப்போது தான் நடந்து வந்த வழியையே மேலிருந்து பார்க்கிறான். சாவியை எடுத்ததும் எங்கேயோ கல் நகரும் சத்தம். எல்லா ஜன்னல் திண்டும் எட்டு அலகு கீழே இறங்குகிறது. 32 போய் 24 ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் ஜன்னலாக இருந்ததெல்லாம் இப்போது வாசல். இவன் மட்டும் இல்லை, பிசாசுகளும் 24 அலகு ஏறும். அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தவை எல்லாம் இந்தப் பக்கம் வரும். புதிதாக ஒரு சதுர அங்குலம்கூடக் கட்டவில்லை. எட்டு அலகு இறக்கினேன், லெவல் இன்னொரு லெவல் ஆனது.

பிசாசுகள் எப்படி விழித்துக்கொள்கின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நீங்கள் சுட்டால் சத்தம் பரவும். ஆனால் டூமில் அது தூரத்தைப் பார்த்துப் பரவுவதில்லை. லெவல் என்பது செக்டர் என்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டரிலிருந்து அடுத்ததற்குத் திறப்பு இருந்தால் சத்தம் போகும், கதவு மூடியிருந்தால் நிற்கும். சத்தத்தைத் தடுக்கும் கோடு என்று தனியாக ஒன்றும் வரையலாம். அப்படி ஒரு கோட்டைச் சத்தம் தாண்டிவிடும், இரண்டாவது கோட்டில் நின்றுவிடும். இன்னொரு தந்திரம் உண்டு: சுவரால் பிரிந்து தூரத்தில் இருக்கும் இரண்டு அறைகளை ஒரே செக்டராகச் சேர்த்துவிட்டால், ஓர் அறையில் கேட்ட வெடி மறு அறையிலும் கேட்கும். சுவருக்குப் பின்னால் அடைத்து வைத்த பிசாசுகளை முன்கூட்டியே விழிக்க வைக்க இதைப் பயன்படுத்துவார்கள். 1993இல் குறைந்த சக்தியுள்ள கணினிக்காக எழுதிய எளிய கணக்கு இது. லெவல் செய்கிறவர்கள் அதை ஒரு கருவியாகவே ஆக்கிக்கொண்டார்கள். எந்த வெடிக்கு எந்த மூலையிலிருந்து உறுமல் வரும் என்பதை வரைந்தே தீர்மானிக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஒரே பொருளை இரண்டு தடவை காட்டும் கலையில் எனக்குத் தெரிந்து மிக அழகான உதாரணம் டூமில் இல்லை, 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இருக்கிறது. முதல் லெவலின் பின்பாதியில், எதிரெதிரே பார்த்தபடி இரண்டு படிக்கட்டுகள் வரும். நடுவில் இடைவெளி, ஆனால் கீழே தரை இருக்கிறது. தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, ஏறி மறுபடி தாவலாம். கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி. இந்தத் தடவை நடுவில் பள்ளம்; விழுந்தால் உயிர் போகும். கற்றுக்கொடுக்க ஒரு வரி எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. முதலில் பயமில்லாமல் பழக விட்டு, அப்புறம் அதையே நிஜமாகக் கேட்கிறார்கள். இதைச் செய்த ஷிகெரு மியாமோட்டோ, முதல் லெவலை முதலில் செய்வதில்லை, மற்றவை எல்லாம் ஓரளவு உருவான பிறகுதான் செய்வது என்று விளக்கியிருக்கிறார். ரொமேரோவும் டூமின் முதல் அத்தியாயத்தில் தன் முதல் லெவலைக் கடைசியாகத்தான் செய்தார். அது சரிதான். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் தெரிந்த பிறகுதானே வாசலில் நின்று எதைக் காட்டுவது என்று முடிவுசெய்ய முடியும்?

அனுப்புவதற்கு முன்னால் யாரையாவது விளையாட வைத்துப் பார்க்க வேண்டும். இதைப் ப்ளேடெஸ்ட் என்பார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. லெவல் வெளியூர் போன பிறகு பக்கத்தில் நின்று விளக்க நாம் இருக்கப் போவதில்லை. என் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள், டூம் அதற்கு முன் பார்த்தது இல்லை. உட்கார வைத்தேன். ஜன்னலில் சாவியைப் பார்த்ததும் நின்றாள். திண்டில் இரண்டு தடவை முட்டிப் பார்த்தாள்.

“மாமா, அங்க எப்படிப் போறது?”

நான் பேசவில்லை. “சொல்ல மாட்டீங்களா? சரி, நானே பாத்துக்கிறேன்” என்று நகர்ந்தாள். அடுத்து அவள் செய்ததைத்தான் நான் கவனமாகப் பார்த்தேன். பழுப்புச் செங்கல் சுவருக்கு நடுவில், அலங்காரத்துக்காகக் கொஞ்சம் வேறு நிறத்தில் ஒரு பலகை வைத்திருந்தேன். நேராக அங்கே போய், கதவு திறக்க அழுத்தும் ஸ்பேஸ் பாரை அழுத்தினாள். ஒன்றும் திறக்கவில்லை. தள்ளி நின்று மறுபடி அழுத்தினாள். அந்த விளையாட்டையே அறியாதவள், வித்தியாசமாக ஒன்று இருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று தானாகவே நம்பினாள். ரொமேரோ டெக்ஸ்சர்களை வரி பிசகாமல் ஒட்டுவதில் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்பதை அந்தப் பலகை முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மற்ற சுவரெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான், பிசகிய ஒரு சுவர் ‘என்னைத் தட்டு’ என்று சொல்ல முடியும். பலகையை எடுக்கவில்லை. பின்னால் ஒரு சின்ன அறை கட்டி, மருந்துப் பெட்டியும் ஷாட்கன் தோட்டாவும் வைத்தேன். காட்டியாகிவிட்டது, கொடுக்க வேண்டியதுதான்.

திண்டு இறங்கும் சத்தம் கேட்டதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து திரையை முழுச் சுற்று சுற்றிப் பார்த்தாள். “எல்லா ஜன்னலும் தொறந்திருச்சு!” என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

போட்டிக்கு வந்த மற்ற லெவல்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சிலர் சதுரத்தைப் பிசாசுகளால் நிரப்பியிருந்தார்கள். நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே சுடும் ஆட்டம். அதை விரும்புகிறவர்கள் உண்டு, திறமையாகவும் செய்திருந்தார்கள். எனக்கு மனசில் நின்றது வேறு ஒன்று. ஆட்டம் தொடங்கியதும் கண்ணுக்கு எதிரே, ஒரு பள்ளத்தின் அந்தக் கரையில், வெளியேறும் கதவும் அதன்மேல் சிவப்பு எழுத்தும் தெரிந்தன. கைநீட்டினால் தொடும் தூரம். அங்கே போக லெவல் முழுவதையும் சுற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விரிசலோ கம்பி இடுக்கோ வைத்து அந்தக் கதவை வேறு கோணத்தில் காட்டியிருந்தார் செய்தவர். மொத்த லெவலிலும் பிசாசு அதிகம் இல்லை. கடைசியில் கதவுக்கு முன்னால் வந்து நின்று, திரும்பிப் பார்த்தால் எதிரே ஆட்டம் தொடங்கிய இடம். ஒரு பொருளை வைத்துக்கொண்டே முழு லெவலையும் நடத்திவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. டூமில் ஒவ்வொரு பிசாசுக்கும் ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்கும், எளிது, நடுத்தரம், கடினம் ஆகிய மூன்றில் எதில் அது தோன்ற வேண்டும் என்று குறிக்கலாம். எடிட்டரில் ஒரு டிக் போடும் வேலைதான். பலர் அதைத் தொடவே இல்லை. எளிது என்று தேர்ந்தெடுத்தாலும் அதே கூட்டம்தான் மேலே விழுகிறது. செய்தவருக்கு எந்தச் சுவர் எப்போது திறக்கும் என்று மனப்பாடம். அவருக்கு எளிதாகத்தான் இருக்கும். முதன்முதலாக வருகிறவருக்கு அந்த இடம் இருட்டு. நடுவர்கள் எளிது நிலையில் ஒரு தடவை விளையாடிப் பார்த்து அதற்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு அழகான லெவல்களை விரல் வேகம் இல்லாதவர்களும் கடைசி அறை வரை நடந்து பார்க்க வேண்டும்.

செய்து பார்க்க ஆசை இருந்தால் பெரிய கணினி தேவையில்லை, பணமும் வேண்டாம். டூமின் படங்களுக்கும் ஒலிக்கும் பதிலாக ரசிகர்கள் புதிதாக வரைந்து இலவசமாகக் கொடுக்கும் ஃப்ரீடூம் இருக்கிறது. ஓட்டுவதற்கு ஜிஇஸட்டூம், வரைவதற்கு அல்டிமேட் டூம் பில்டர், இரண்டும் இலவசம். எடிட்டரில் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் கோடு கோடாக இழுத்து மூடினால் அறை ஆகிவிடும். உயரத்தை எண்ணாகக் கொடுக்கலாம். முதலில் இரண்டு அறை போதும், நடுவில் ஒரு ஜன்னல் வையுங்கள். திண்டு 32. அந்தப் பக்கம் என்ன வைப்பது என்பதை யோசிக்கத்தான் நேரம் எடுக்கும், அதற்கு அவசரப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா?